உச்சிப்புளி மணலில் செம்மரம் தேறுமா?

மணற்காட்டான்: ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில், கடலில் இருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு ஏக்கர் மணல் பூமி. செம்மரம் வைத்தால் 15 வருஷத்தில் கோடி என்கிறார் நர்சரிக்காரர். கிணறு கோடையில் கரிக்கும். வைக்கலாமா?

சாயல்குடியான்: தாராளமா வைங்க. செம்மரத்துக்கு ஆகாதது தண்ணீர் தேங்குறது. மணலில் அந்தப் பயம் இல்லை. ஆந்திராவில் சேஷாசலம், வெலிகொண்டா மலைகளில் கல்லு, சரளையில் வளர்ற மரம்தானே. 4க்கு 4 மீட்டர், ஏக்கருக்கு 250 கன்று. ஒன்றரை அடிக் குழியில் மட்கிய எரு போட்டு ஐப்பசி மழையில் நடுங்க.

பனங்கருக்கு: அண்ணே, வடிகால் சரி, உப்புக்கு என்ன வழி? நம்ம கரையில் நல்ல தண்ணீர் மேலாக மிதக்குது, அடியில் உவர். மோட்டார் போட்டு இழுக்க இழுக்க உவர் மேலே ஏறும். கன்றில் முதலில் இலை விளிம்பு கருகும், அப்புறம் நுனி காயும். பல பேர் அதை நோய் என்று மருந்தடிக்கிறாங்க! தண்ணீரைச் சித்திரையில் சோதிக்கணும். மார்கழியில் எடுத்தால் மழைத்தண்ணீர்தான் பாஸாகும். ஆடிக்காத்துக்குத் தெற்கு, மேற்கு ஓரம் இரண்டு வரிசை சவுக்கு முதலில் நிக்கணும்.

சாயல்குடியான்: அதையெல்லாம் செய்துட்டா?

பனங்கருக்கு: அப்பவும் காசு வைரத்துக்குத்தான், அதாவது தண்டின் நடுவில் இருக்கிற சிவப்புக் கட்டைக்கு. தண்ணீரும் உரமும் கொடுத்தால் தண்டு பருக்கும், உள்ளே வைரம் அதே வேகத்தில் சேராது. 15 வருஷ மரத்தை அறுத்தால் பெரும்பகுதி விலை போகாத வெளிக்கட்டை, வெள்ளைதான். வெட்டவும் ஏற்றவும் வனத்துறை அனுமதி வேணும். 1995 முதல் சைட்டிஸ் என்கிற, அரிய உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கு, ஏற்றுமதிக்குத் தனிப் பேப்பர்.

சாயல்குடியான்: அழியும் மரம்னு ஐயுசிஎன், அதான் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், சொல்லுது. பட்டா நிலத்து மரம் சந்தைக்கு வந்தால்தானே காட்டு மரம் தப்பும்?

பனங்கருக்கு: வரட்டும், அது கடப்பை, சித்தூர்ப் பக்கத்து மண்ணில். இங்கே பனையும் உடைமரமும் சும்மாவே நிக்குது.

மணற்காட்டான்: வரப்பில் பத்து மட்டும் வைத்துப் பார்க்கலாமா?

பனங்கருக்கு: அதுக்கு மறுப்பு இல்லை. விதை போடுறதா இருந்தால் அந்த வருஷக் காய்தான், பழசு முளைக்காது. காயின் இறக்கையை நறுக்கி மூணு நாள் தண்ணீரில் ஊறவைங்க, தினம் தண்ணீர் மாத்தணும்.

சாயல்குடியான்: கன்று வாங்கினால் ஒரு பையைக் கிழித்து வேரைப் பாருங்க தம்பி. அடியில் சுருண்டிருந்தால் அந்த லாட்டே வேண்டாம், ஆடிக்காத்தில் சாயும்.