தமிழ் பாட்காஸ்டுக்குப் புது ஆட்களை எப்படிக் கொண்டுவருவது?

ஏரிக்கரை:
தமிழ்நாட்டு ஏரிகளின் வரலாற்றைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் இரண்டிலும் இருக்கிறது. கேட்கிறவர்கள் கடைசி வரை கேட்கிறார்கள், ஆனால் எல்லோரும் தெரிந்தவர்கள், இல்லையென்றால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். முன்பின் அறியாத ஒருவர் தானாக வந்து சேர என்ன வழி? விளம்பரத்துக்குப் பணம் கிடையாது.

வடகரை:
முதலில் தலைப்புகளை மாற்றுங்கள். 'பகுதி 7: நீரும் நினைவும்' என்று யாரும் தேடமாட்டார்கள். 'வீராணம் ஏரியை வெட்டியது யார்?' என்று வைத்தால், சென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பவர்கூட நின்று பார்ப்பார், அப்படியே அந்த ஏரியை வெட்டிய ராஜாதித்த சோழன் கதைக்குள் போய்விடுவார். நம் ஆட்களில் நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், அதனால் ஊர்ப் பெயர் அந்த வடிவிலும் தலைப்பில் இருக்கட்டும். நீங்கள் ஆடியோவை ஏற்றும் ஹோஸ்டிங் தளத்தின் செட்டிங்ஸில் மொழி தமிழ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், கவனிக்காமல் விட்டால் ஆங்கிலம் என்றே கிடக்கும்.

தாளக்கட்டு:
யூடியூபில் இல்லையா? அதுதான் பெரிய ஓட்டை. கூகுள் பாட்காஸ்ட்ஸை 2024இல் மூடியபோது கூகுளே எல்லோரையும் யூடியூப் மியூசிக் பக்கம்தான் அனுப்பியது. பாட்காஸ்டுக்கென்று தனி ஆப் வைத்திருக்காதவர் போனிலும் யூடியூப் இருக்கும். கேமரா வேண்டாம், யூடியூப் ஸ்டுடியோவில் உங்கள் பாட்காஸ்டின் ஆர்எஸ்எஸ் முகவரியை (ஹோஸ்டிங் தளம் தரும் இணைப்பு) கொடுத்தால் அட்டைப்படத்தோடு ஏறிவிடும்.

ஏரிக்கரை:
யூடியூபை இந்த வாரமே செய்கிறேன். வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பினால் யாரும் திறப்பதில்லை, அதற்கு என்ன செய்வது?

மடைக்காரி:
இணைப்பை அனுப்பாதீர்கள், ஆடியோவையே அனுப்புங்கள். இரண்டு நிமிடம் போதும், ஆனால் அந்த ஊர் ஏரியைப் பற்றிய இரண்டு நிமிடமாக இருக்க வேண்டும். உத்திரமேரூர்க்காரர்களுக்கு 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்த பகுதியை வெட்டி அனுப்புங்கள், முழுதும் எங்கே கேட்கலாம் என்று அவர்களே கேட்பார்கள். பாட்காஸ்ட் குழுக்களில் போய்ப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அங்கே எல்லோரும் தங்களுடையதைக் கேட்கச் சொல்லித்தான் வருகிறார்கள். ஆயக்கட்டு விவசாயிகள், வரலாற்று ஆசிரியர்கள், ஏரி தூர்வாரும் இளைஞர்கள், இவர்கள் குழுக்களுக்குப் போங்கள்.

வடகரை:
மடைக்காரி சொல்வதுதான் சரி. அந்த ஆடியோவின் கடைசியில் பாட்காஸ்டின் பெயரை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள், பத்துக் குழு தாண்டிப் போனாலும் கூடவே போகும்.