நாடாளுமன்ற 'இயங்குசெலவு ஒதுக்கீடு': என் முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

நாடாளுமன்றம் நாள்தோறும் இயங்குவதற்காக ஒதுக்கும் பணத்தைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்பதுதானே நம் கேள்வி. அதற்கு ஐயா நேற்றுத் தந்த 'அரச நிதியுதவி', தங்கச்சி எழுதிய 'நாடாளுமன்ற மானியம்' இரண்டையும் இரவு திரும்பத் திரும்ப வாசித்தேன். இரண்டும் வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். உதவி, மானியம் என்றாலே ஒருவர் கொடுக்க மற்றவர் கைநீட்டி வாங்குவதாகிவிடும்.

நாம் மொழிபெயர்க்கும் அவுஸ்திரேலியப் பகுதியையே பாருங்கள். அங்கே செனட் (மேலவை) திணைக்களம், பிரதிநிதிகள் சபைத் திணைக்களம் போன்ற நாடாளுமன்றத் திணைக்களங்களுக்கு 1982 முதல் தனி ஒதுக்கீட்டுச் சட்டமூலம் வருகிறது. அரசாங்கத்தின் வழமையான ஆண்டுச் சேவைகளுக்குப் பணம் ஒதுக்கும் சட்டமூலத்தைச் செனட் திருத்த முடியாது என்கிறது அவர்களின் அரசியலமைப்பின் 53ஆம் பிரிவு. அப்படியானால் நாடாளுமன்றமும் அரசாங்கத்தின் சேவைகளில் ஒன்றா? இல்லை என்பதால்தான் அதன் செலவைப் பிரித்து வைத்தார்கள். அவர்கள் பிரித்ததை நாம் 'அரச' என்ற ஒரே அடைமொழியால் மறுபடி ஒட்டிவிடக் கூடாது.

'ஒதுக்கீடு' இருக்கட்டும். எங்கள் இலங்கை வரவுசெலவு மதிப்பீடுகளில் நாடாளுமன்றத்துக்கு 16ஆம் செலவுத் தலைப்பு. ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தோடு வருவதால் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை வாசிப்பவர்களுக்குப் பழகிய சொல். தமிழ்நாட்டு நண்பர்கள் திணைக்களத்தைத் 'துறை' என்று எழுதட்டும், அதில் சண்டை வேண்டாம்.

சரி, எதற்கான ஒதுக்கீடு? கோயில் கணக்கு எழுதியவர்களுக்கு இது உடனே விளங்கும். திருவிழா உபயத்துக்கு ஆட்கள் முண்டியடிப்பார்கள். ஆனால் நித்திய பூசையின் எண்ணெய்க்கும் ஐயரின் சம்பளத்துக்கும் காசு ஒதுக்கி வைத்தால்தான் நாள்தோறும் நடை திறக்கும். ஹன்சாட் (சபை உரைப்பதிவு) எழுதுபவர், நூலகர், செங்கோல் ஏந்தும் படைக்கலச் சேவிதர் (எவ்வளவு அழகான ஆக்கம் இது!) ஆகியோரின் சம்பளமும் அந்த வகைதான். 'மீண்டெழும் செலவு' (ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு) என்ற சொல் இதற்குப் பொருந்தாது. அது மூலதனச் செலவுக்கு எதிரிணை. ஓய்வூதியம், கடன் வட்டி எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

'நடத்துசெலவு' என்றுதான் முதலில் குறித்து வைத்தேன். ஆனால் நடத்து என்றால் நடத்துகிறவர் ஒருவர் வெளியே நிற்கிறார். நாடாளுமன்றம் தானே இயங்குவது. ஆகவே கணினியின் 'இயங்குதளம்' போல 'இயங்குசெலவு'. வினைத்தொகை என்பதால் இடையில் ச் மிகாது. முழுப்பெயர் 'நாடாளுமன்ற இயங்குசெலவு ஒதுக்கீடு'.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. ஒரு திணைக்களம் அரசாங்கத்தின் சார்பில் பொறுப்பேற்றுச் செலவழிக்கும் பணத்தை அவுஸ்திரேலியர் வேறாகக் காட்டுகிறார்கள். அதற்குப் 'பொறுப்பேற்புச் செலவு' என்று நினைக்கிறேன், மனம் முழுதாக ஒப்பவில்லை. ஐயா, கணக்குத் துறையில் நெடுங்காலம் இருந்தவர் நீங்கள். இதற்கு அங்கே என்ன சொல் புழங்கியது?