வார்னிஷ் உரிந்துகொண்டே போகிறது: பினாங்கில் மர டெக்குக்கு என்னதான் பூசுவது?

கடலோர வீடு (தஞ்சோங் பூங்கா):

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் 14 அடிக்கு 10 அடியில் ஒரு மர டெக் (பலகைத் தளம்) இருக்கிறது. வீடு வாங்கும்போதே இருந்தது. மேலே கூரை கிடையாது. மத்தியான வெயிலும் மழையும் நேராகப் பலகை மேல்தான். தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு கொன்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். பளபளப்பான வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். பொங்கலுக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிப் பட்டை பட்டையாக உரிந்துவிட்டது. மறுவருஷம் அவரே வந்து அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தார். அதுவும் அப்படியே போயிற்று. இப்போது உரிந்த இடம் சாம்பல், உரியாத இடம் பழுப்பு, ஆணிகளைச் சுற்றிக் கறுப்பு. நிழல் விழும் மூலையில் பாசி வேறு. அம்மா காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற அந்த வழியாகத்தான் போகிறார். மழை பெய்த மறுநாள் அவர் திரும்பி வரும்வரை எனக்கு வேலை ஓடாது.

எண்ணெய் பூசலாமா, ஸ்டெயின் அடிக்கலாமா? இந்தத் தீபாவளிக்குள் முடியுமா? இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் கலந்த பலகை போட்டுவிடலாமா?

கொண்டோ பால்கனி (செலாயாங்):

நான் பிளாஸ்டிக் கலந்த பலகைதான் போட்டிருக்கிறேன். பூச்சு வேலை இல்லை, உண்மை. ஆனால் மத்தியானம் வெறுங்காலோடு நிற்க முடியாது. பாசி அதிலும் பிடிக்கிறது, தேய்த்துக் கழுவத்தான் வேண்டியிருக்கிறது. இருப்பது நல்ல மரமாக இருந்தால் பிடுங்காதீர்கள்.

தச்சுப் பட்டறை (பட்டர்வொர்த்):

தங்கச்சி, பிடுங்க வேண்டாம். முதலில் அது என்ன மரம் என்று பாருங்கள். பலகையின் அறுத்த முனையைக் கொஞ்சம் தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் நுண்துளைகள் தெரியும். அவற்றுக்குள் கந்தக மஞ்சளில் தூள் அடைந்திருந்தால் மெர்பாவ். 2019-இல் நம் தேசிய மரமாக அறிவித்தார்களே, அதேதான். மஞ்சள் தூள் இல்லாமல் கரும்பழுப்பாக, நல்ல கனமாக இருந்தால் செங்கால் மரமோ பாலாவ் மரமோ. மூன்றுமே வெளியில் போடத் தகுந்தவை. மெராந்தியாக இருந்தால்தான் கவலை. அது கதவு ஜன்னலுக்கு ஆகும், மழையில் கிடக்க ஆகாது.

இப்போது வார்னிஷ் விஷயம். மரம் நாள்தோறும் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். வார்னிஷ் அதன் மேல் ஓர் இறுகிய படலம். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த நிறமில்லாத படலத்தைத் தாண்டி உள்ளே போய், மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. படலம் எதைப் பிடித்துக்கொண்டிருந்ததோ அதுவே பொடிந்துபோகிறது. போதாததற்குப் பலகையின் அடிப்பக்கம் மண்ணின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெயில் ஏறினதும் அந்த ஈரம் ஆவியாகி மேலே வழி தேடும். வழியை வார்னிஷ் அடைத்திருந்தால் கொப்புளம்தான். நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த வார்னிஷ் வாங்கினாலும் தரையில் கிடக்கும் பலகைக்கு இதேதான் நடக்கும். டெக்குக்கு வார்னிஷ் கேட்டு யார் வந்தாலும் நான் அடித்துக் கொடுப்பதில்லை.

உங்களுக்கு வேண்டியது மரத்துக்குள் இறங்கும் டெக் எண்ணெய், அதுவும் நிறம் சேர்த்தது. நிறமிதான் கதிரைத் தடுக்கும். நிறமில்லாத எண்ணெய் பூசினால் சீக்கிரமே சாம்பல் நிறம் திரும்பிவிடும்.

தீபாவளிக்கு முன் தொடவே தொடாதீர்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர்தான் பெருமழை. பலகை மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். ஜனவரி, பிப்ரவரிதான் நமக்கு வறண்ட காலம். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்தத் தார்ச்சாலைச் சூடு தெரியும். மரம் காய்வதற்கு அந்தப் பருவம்தான் சரி. மரத்தின் ஈரம் அளக்கும் மொய்ஸ்சர் மீட்டர் கிடைத்தால் குத்திப் பாருங்கள்: 18 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ஆரம்பிக்கலாம். நம் ஊர்க் காற்றில் வெளியில் கிடக்கும் மரம் 15-க்குக் கீழே பெரிதாக இறங்காது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பழைய வார்னிஷ் முழுக்கப் போக வேண்டும், ஒரு திட்டுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சின இடத்தில் எண்ணெய் இறங்காது. 60-ஆம் நம்பர் மணல்தாள், அப்புறம் 80. அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வழுவழுப்பாக்கினால் துளை அடைபட்டு எண்ணெய் உள்ளே போகாது, அம்மாவுக்கும் வழுக்கும். வாட்டர் ஜெட் வைத்து அடிக்காதீர்கள், நார் கிளம்பிவிடும். பாசிக்கு ஆக்ஸிஜன் பிளீச் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றிக் கால் மணி நேரம் காயவிடாமல் வைத்திருந்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். கம்பிப் பிரஷ் கூடாது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் ஒவ்வொன்றும் ஒரு கறுப்புப் புள்ளியாகும்.

கடலோர வீடு (தஞ்சோங் பூங்கா):

அண்ணே, மிக்க நன்றி. பார்த்தேன், துளைக்குள் மஞ்சள் தூள் இருக்கிறது. மழை பெய்தால் டெக்கின் ஓரத்துச் சிமெண்டில் செம்பழுப்பாக வடிவதற்கும் அதுதான் காரணமா? ஆணி எல்லாம் சாதாரண இரும்பு. இன்னொன்று, கார்த்திகைக்கு அகல் விளக்கு வரிசையாக வைப்போம். நல்லெண்ணெய் சிந்தின வட்டங்கள் அப்படியே நிற்கின்றன. பக்கத்து வீட்டு அங்கிள் பச்சை ஆளிவிதை எண்ணெயே போதும், மலிவு என்கிறார்.

தச்சுப் பட்டறை (பட்டர்வொர்த்):

மெர்பாவ்தான், சந்தேகமில்லை. வடிவது அதன் சாயம். புதுப் பலகையில் நிறைய வரும், போகப் போகக் குறையும். அந்தச் சாயத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும், உங்கள் ஆணிகளைச் சுற்றி இருப்பது அதுதான். ஆகவே ஆணியை மாற்றாமல் கறையை எடுத்துப் பயனில்லை. கடல் பக்கம் என்பதால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி வாங்குங்கள். 304 ரகத்தில் உப்புக்காற்றுக்குப் பழுப்பு படியும். மெர்பாவ் கடின மரம், முதலில் துளை போட்டுவிட்டுத்தான் முடுக்க வேண்டும். இல்லையென்றால் பலகை முனை பிளந்துவிடும்.

கறுப்புக்கு ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் வரை, பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். பூசிக் கொஞ்ச நேரத்தில் கறுப்பு கண்ணெதிரே வெளுத்து, அடியிலிருந்து மரத்தின் சொந்தச் சிவப்பு எழும்பி வரும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த கட்டம் அதுதான். ஆனால் அது விஷம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துளசித் தொட்டியை முன்னாலேயே நகர்த்திவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

அகலில் இருந்து சிந்தின நல்லெண்ணெய்க் கறையைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் வைத்துத் தேய்த்துவிட்டு மணல்தாள் போடுங்கள். அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, இறங்கினால் சரி. இனிமேல் அகலைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது. பச்சை ஆளிவிதை எண்ணெய் வேண்டவே வேண்டாம். காய நாளாகும், நம் புழுக்கத்தில் பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு.

பூசும் நாளில் உச்சி வெயிலைத் தவிருங்கள், சூடான பலகையில் எண்ணெய் இறங்குவதற்குள் மேலேயே காய்ந்துவிடும். காலைப் பனி காய்ந்ததும் ஆரம்பிக்கலாம். ஒரு பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள், நடுவில் நிறுத்தினால் கோடு தெரியும். அறுத்த முனைகளுக்குத் தாராளமாக. தண்ணீர் அதிகம் குடிப்பது அங்கேதான். 15, 20 நிமிஷம் கழித்து மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள், விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது.

அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டின துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறவையுங்கள், அல்லது வெளியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.

செத்தாப்பாக் அக்கா:

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். தச்சர் ஐயா சொன்ன மாதக்கணக்கு பினாங்குக்கு. இங்கே ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம். ஜூன், ஜூலைதான் கொஞ்சம் ஓய்வு. என் டெக்குக்கு அப்போதுதான் எண்ணெய் பூசுகிறேன். ஐயா, வருஷா வருஷம் பூச வேண்டுமா?

தச்சுப் பட்டறை (பட்டர்வொர்த்):

காலண்டரைப் பார்க்க வேண்டாம் அக்கா, பலகையைப் பாருங்கள். அதே சொட்டுத் தண்ணீர் சோதனைதான். தண்ணீர் உடனே இறங்கிக் கறுத்தால் அடுத்த கோட்டுக்கு நேரம் வந்துவிட்டது. கூரையில்லாத டெக்குக்கு நம் வெயிலில் அநேகமாக வருஷம் ஒருமுறை வரும். சுரண்ட வேண்டியதில்லை. கழுவி, காயவிட்டு, மெல்லிய ஒரே கோட். பலகை இடுக்குகளில் அடைந்த இலையை அவ்வப்போது குச்சியால் தள்ளிவிடுங்கள், 5 மில்லிமீட்டர் சந்தாவது திறந்திருந்தால்தான் அடியில் காற்று போகும்.

தஞ்சோங் பூங்கா தங்கச்சிக்கு: உங்கள் டெக் 13 சதுர மீட்டர். மெர்பாவ் அதிகம் குடிக்காது, முதல் முறைக்கு இரண்டரை லிட்டர் டின் ஒன்று தாராளம். மழைக்காலம் முடியும்வரை பாசியை மட்டும் கழுவிவிட்டு, அம்மா நடக்கும் வழியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள். ராத்திரி அதை எடுத்து நிமிர்த்தி வைத்துவிடுங்கள், அடியில் ஈரம் தங்கக் கூடாது.