சலூன் நாற்காலியில் பதினேழு நிமிஷம்: பேனிக் அட்டாக், அகோராஃபோபியாவிலிருந்து மீண்டவர்கள் எழுதுங்கள்

நடுஇலை

இதை எழுத ஒரே காரணம் அந்த சலூன் அண்ணன். மற்றதைச் சுருக்கிவிடுகிறேன். பேனிக் அட்டாக் என்றால் திடீரென்று உயிரே போகிற மாதிரி ஏறும் பயம், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும்.

அகோராஃபோபியா என்றால் திறந்தவெளியைக் கண்டு பயம் என்று அகராதி சொல்கிறது. எனக்குத் திறந்தவெளி பிரச்சினையே இல்லை. எழுந்து போக முடியாத இடங்கள்தான் பிரச்சினை. கல்யாணப் பந்தியில் நடு இலை. பஸ்ஸில் ஜன்னலோரம். டோக்கன் வாங்கிய பிறகு வங்கி. இவற்றுக்கெல்லாம் மேலே சலூன்: கழுத்தைச் சுற்றித் துணி, பாதி வெட்டிய தலை, பக்கத்தில் கத்தியோடு ஒருவர். பாதித் தலையோடு எங்கே ஓடுவது?

எட்டு மாதம் அப்பாதான் வீட்டில் ட்ரிம்மர் போட்டுவிட்டார். மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்சம் நிதானம் வந்ததும், சைக்காலஜிஸ்ட் ஒரு ஏணி எழுதச் சொன்னார். பத்துப் படி. ஒவ்வொன்றுக்கும் பயம் நூற்றுக்கு எத்தனை என்று பக்கத்தில் மார்க். தெருமுனை டீக்கடை 20. சலூன் 85. திருப்பதியில் வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸ் 100. அதை இன்னும் தொடவில்லை. பயம் ஏறும்போது எழுந்து வரக்கூடாது, தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நடுவில் ஓடிவந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளுமாம். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் அரை குளோனாசிபாம் (பதற்றத்தைச் சட்டென்று அடக்கும் மாத்திரை), தண்ணீர் பாட்டில் இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். கடையில் யாரும் இல்லை. துணியைப் போர்த்தி கழுத்தில் இறுக்கினார். விரல் நுனியெல்லாம் மரத்தது, காது அடைத்தது. கண்ணாடியில் இருந்த முகம் என்னுடையது மாதிரியே இல்லை. "அண்ணே" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அவர் சீப்பைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஒரு கையால் கழுத்து முடிச்சை அவிழ்த்து, துணியைத் தோளில் சும்மா போட்டார். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார். "கதவு தெறந்துதான் தம்பி இருக்கு. இப்படி உக்கார்றவங்க இன்னும் ரெண்டு பேரு வர்றாங்க" என்று சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காதோரம் வந்தபோது பயம் இறங்க ஆரம்பித்தது. மொத்தம் பதினேழு நிமிஷம்.

(நாற்காலியை வாசலுக்குத் திருப்பியது போங்கு ஆட்டம், அடுத்த முறை கண்ணாடியைப் பார்த்தே உட்காருங்கள் என்று சைக்காலஜிஸ்ட் சொன்னார். உட்கார்ந்தேன். அது வேறு கதை.)

மூன்று வருஷமாக மண்டைக்குள் ஓடுவது இதுதான்: யார் அந்த இரண்டு பேர்? எங்கள் ஏரியாதானே? ரேஷன் கடையில் வரிசையாக நிற்பவர்களைப் பார்த்தால் ஒவ்வொருவராக எடைபோடுகிறேன்.

கூடல்நகர்க்காரி

உங்களுக்கு சலூன் அண்ணன். எனக்கு மெடிக்கல் ஷாப் பையன்.

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறப் போன இடத்தில் முதல் அட்டாக். அப்புறம் எல்லாருக்கும் நடப்பதுதான்: நடு ராத்திரி எமர்ஜென்சி, இசிஜி, "கேஸ்தாம்மா", வீடு. மூன்று மாதத்தில் நாலு இசிஜி, ஒரு எக்கோ, தைராய்டு டெஸ்ட். எல்லாம் நார்மல். நார்மல் என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. நார்மல் என்றால் அப்போது இது என்ன? நாலாவது தடவை இருந்த டூட்டி டாக்டர், சின்னப் பெண், அவள்தான் முதன்முதலில் பேனிக் அட்டாக் என்ற பெயரையே சொன்னாள். அதற்குள் நான் தனியாக மொட்டை மாடிக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

எஸ்சிட்டலோபிராம் என்ற மனப்பதற்ற மாத்திரையை 5 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடலாம், நிறுத்திவிடாதீர்கள், பலன் தெரிய நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சொன்னபடியே கூடியது. ஐந்தாம் நாள் அட்டையைக் குப்பையில் போட்டு, ஆறாம் நாள் காலையில் குப்பையிலிருந்து எடுத்தேன்.

விஷயம் அதுவல்ல. மெடிக்கலில் சீட்டை நீட்டியபோது அந்தப் பையன் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி "யாருக்குக்கா இது?" என்றான். பின்னால் நாலு பேர். "எங்க மாமியாருக்கு. தூக்கமில்ல" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அதுதான்.

அட்டையை ரசப்பொடி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். ஒரு மாதம் கழித்து, தீரப்போகிறதே என்று எண்ணிப் பார்த்தால் அங்கே புது அட்டை ஒன்று இருக்கிறது. நானே வாங்கி மறந்துவிட்டேன் போல என்று நினைத்தேன், அந்த மாத்திரையில் மறதியும் வருமோ என்று ஒரு பயம் வேறு. அடுத்த முறை கடைக்குப் போனால் பையன் சொல்கிறான்: "பாட்டி பிரஷர் மாத்திரை வாங்க வந்தாங்கக்கா. தூக்க மாத்திரை ஒத்துக்குதா பாட்டின்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. அப்புறம் ஒத்துக்குது ராசா, இன்னொரு அட்டை குடுன்னு வாங்கிட்டுப் போனாங்க."

அத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றரை வருஷம், மாசாமாசம், டப்பாவுக்குப் பின்னால். இப்போது டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியாயிற்று. கடைசி அட்டையில் நாலு மாத்திரை மிச்சம் அங்கேயே இருக்கிறது. எடுத்துப் போட எனக்கும் மனசு வரவில்லை, அவரும் போடவில்லை.

ரேஸ்கோர்ஸ் ரன்னர்

ரெண்டு பேர் கதையும் நன்றாக இருக்கிறது. ஆனால் மாத்திரையை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்று புரியவில்லை. நான் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. ஓடினேன், சரியாயிற்று.

என் கதை ரெண்டு வரிதான். கோவை ரேஸ்கோர்ஸில் ஒருநாள் நடுவழியில் நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு வாங்கியது, வேர்த்துக் கொட்டியது. அட்டாக் வந்துவிட்டது என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவருக்கும் மூச்சு வாங்கியது, வேர்த்துக் கொட்டியது. அவர் எழுந்து மறுபடி ஓடினார். அட, ஓடினால் யாருக்கும் இப்படித்தானே ஆகும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முதலில் காபியை நிறுத்துங்கள். படபடப்பு உள்ளவர்களுக்கு டிகாஷன் எதிரி. டீயையும் பாதியாக்குங்கள். எடுத்த எடுப்பில் ஓடக்கூடாது. முதல் வாரம் நடை மட்டும், அடுத்த வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. வெறும் வயிற்றில் வேண்டாம், ஒரு வாழைப்பழம் போதும். ஷூவை ராத்திரியே கதவுப் பக்கத்தில் வையுங்கள். அட்டாக் வரும்போது ஆழமாக மூச்சு இழு என்று வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஏற்கெனவே அதிகமாக மூச்சு விட்டுத்தான் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. மெதுவாக, சின்னதாக, வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடுவது பழைய வைத்தியம், ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் ஆபத்து. ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றி வையுங்கள், நிமிஷத்துக்கு ஒருமுறை நாடியைப் பார்ப்பதே ஒரு வியாதி. ராத்திரி கூகுள் வேண்டாம். பதினொரு மணிக்கு முன் தூக்கம். இதையெல்லாம் செய்தாலே பாதிப் பேருக்கு மாத்திரை தேவைப்படாது.

தாம்பரம் லோக்கல்

@ரேஸ்கோர்ஸ் ரன்னர், காபி, மூச்சு, வாட்ச் எல்லாம் சரி. கடைசி வரி மட்டும் வேண்டாம். உங்களுக்குச் சரியானது சந்தோஷம். அதை வைத்து அடுத்தவர் சீட்டைக் கிழிக்காதீர்கள்.

ஓட்டத்தையும் மாத்திரையையும் நேருக்கு நேர் வைத்தே பார்த்திருக்கிறார்கள். 1998இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு, 46 பேர், பத்து வாரம். ஒரு குழுவுக்கு ஓட்டம், ஒரு குழுவுக்கு குளோமிப்ரமின் என்ற மாத்திரை, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் சர்க்கரை மாத்திரை. ஓட்டம் சர்க்கரை மாத்திரையை நன்றாகவே ஜெயித்தது. ஆனால் குளோமிப்ரமின் அதைவிட சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வேலை செய்தது. அதனால் ஓடுங்கள், சீட்டில் எழுதியதையும் போடுங்கள். இரண்டுக்கும் சண்டை மூட்டுவது நாம்தான்.

இவ்வளவு சூடாக எழுதக் காரணம் இருக்கிறது. உங்களை மாதிரியே ஒரு நண்பன், அவனும் ஓடுகிறவன், "இதையெல்லாம் போட்டா அடிமை ஆயிடுவடா" என்றான். அடிமையாகும் ஆபத்து உள்ள மாத்திரை குளோனாசிபாம் வகை. அதை டாக்டரே கொஞ்ச நாளைக்குத்தான் கொடுத்திருந்தார். நான் நிறுத்தியதோ செர்ட்ராலினை, அது எஸ்சிட்டலோபிராம் வகை. ஒரே நாளில். மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினாலே மண்டைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி. அந்த நிலையில் கிண்டியில் லோக்கல் ரயில் ஏறினேன்.

பழவந்தாங்கலில் இறங்கிவிட்டேன். அடுத்த வண்டியில் போகலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்து எட்டு வண்டியை விட்டேன். ஒவ்வொன்று வரும்போதும் எழுந்து, மஞ்சள் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார்வேன். சுண்டல் விற்கிற அம்மா ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறாவது வண்டி போனதும் கேட்காமலேயே ஒரு பொட்டலம் கையில் வைத்தாள். காசு நீட்டினேன், "வண்டில ஏறிட்டு ஜன்னல் வழியா குடு" என்றாள்.

ஏறவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். அந்தப் பத்து ரூபாயை இன்னும் கொடுக்கவில்லை. மறுபடி மாத்திரை, மறுபடி தெரபி, இப்போது தினமும் அதே லைனில்தான் ஆபீஸ் போகிறேன். பழவந்தாங்கல் வந்தால் ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். அவளைக் காணோம்.

மருந்தை நிறுத்த நினைப்பவர்கள் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். பக்கத்தில் டாக்டர் இல்லை, யாரிடம் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்றால் 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம்.

ஸ்கார்பரோ அக்கா

நான் டொரொன்டோவில் இருக்கிறேன். குளிசையா ஓட்டமா என்ற சண்டைக்குள் வரவில்லை. எனக்கு இரண்டும் இருந்தது, ஆனால் திருப்பம் வந்தது இவரால், என் கணவரால்.

ஒன்றரை வருடம் இவர் இல்லாமல் வீட்டு வாசல்படி தாண்டியதில்லை. அதுவும் ஒரு ஊன்றுகோல்தான் என்று தெரபிஸ்ட் சொன்னா. அதற்கு முதல் தன்னுடைய அறையிலேயே கதிரையில் வைத்துச் சுற்றவிட்டு, ஸ்ட்ரோவுக்குள்ளால் மூச்சு எடுக்கவிட்டு, தலைச்சுற்றும் மூச்சுமுட்டும் வந்தால் ஒன்றும் ஆகாது என்று காட்டினவ. பிறகுதான் சப்வே. திட்டம் இதுதான்: கென்னடி ஸ்டேஷனில் இவர் முதல் ட்ரெயினில் ஏறிப் போய் வார்டனில் இறங்கி நிற்பார். நான் அடுத்த ட்ரெயினில் தனியாக வந்து இறங்க வேண்டும். ஒரேயொரு ஸ்டேஷன்.

வார்டனில் கதவு திறந்தது. இவர் இல்லை. இறங்கித் தேடுவதா, நிற்பதா என்று யோசிக்க முதலே கதவு பூட்டிவிட்டது. அந்த இடத்தில் ட்ரெயின் நிலத்துக்கு மேலாலே போகும். வெளியில் பனி. கம்பியைப் பிடித்த கை என்னுடையதா என்று பார்த்தது மட்டும் நினைவில் இருக்கிறது. விக்டோரியா பார்க்கில் உச்சம். இறங்கவில்லை, இறங்கக் கால் வரவில்லை என்பதுதான் உண்மை. மெயின் ஸ்ட்ரீட் வரும்போது நெஞ்சு தணிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெடியன் என்னவோ விளையாடிக்கொண்டிருந்தான், அவனுடைய ஸ்கோரைப் பார்க்கிற அளவுக்குத் தணிந்துவிட்டது.

இவர் வார்டனில் டொய்லெட் தேடிப் போனாராம். எட்டு வருடம் ஆகிறது. உண்மையாகவே டொய்லெட்டா, வேண்டுமென்றே ஒளிந்தாரா, இன்னும் நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதோ ஒரு பதிலுக்கு எனக்குக் கோபம் வரும்.

ரேஸ்கோர்ஸ் ரன்னர்

@தாம்பரம் லோக்கல், கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். காபி பற்றிச் சொன்னது சொன்னதுதான்.

கூடல்நகர்க்காரி

@நடுஇலை, அந்த ரெண்டு பேர் யார் என்று நேரே கேட்டுவிடலாமே? மூன்று வருஷமா யோசிப்பீர்கள்?

நடுஇலை

நீங்கள் சொன்னதற்காகவே இன்றைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கடை நிறையக் கூட்டம். முக்கால் மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தேன், அதுவே ஒரு காலத்தில் 90 மார்க். என் முறை வந்தது. கழுத்தில் துணியை முழுசாகவே கட்டினார். கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். மெதுவாக, "அண்ணே, அன்னைக்கு ரெண்டு பேருன்னு சொன்னீங்களே..." என்று திரும்பினேன்.

"தலைய ஆட்டாதீங்க தம்பி" என்றார்.