வாட்ச்சின் ‘மூவ்மான்’: தமிழில் என்ன சொல்லலாம்?

ரோஸ் ஹில் ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். வகுப்பில் போலி வாட்ச் ஒன்றைப் பிரித்துக் காட்டப்போகிறேன். பயிற்சித்தாள் திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். சுருள்வில், பல்சக்கரம், முள் எல்லாம் எழுதியாயிற்று. முள்ளை நகர்த்தும் முழு உள்ளமைப்பை, பிரெஞ்சில் ‘மூவ்மான்’ என்கிறோமே, எப்படி எழுதுவது? ‘இயக்கம்’ என்றால் கட்சி மாதிரி இருக்கிறது.

போர்ட் லூயி மொழிபெயர்ப்பாளர்:
இருக்கட்டுமே, அம்மா. நம் மொரிசியஸில் ‘மூவ்மான் மிலித்தான் மொரிசியேன்’ என்ற கட்சி 1969 முதல் இருக்கிறது. அதனால் இங்கே யாராவது வாட்ச்சின் மூவ்மானைக் கட்சி என்று நினைத்தார்களா? ‘இயக்கம்’ போதும்.

மோக்கா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
போதாது. இயக்கம் தொழிற்பெயர், நமக்கு வேண்டியது பொருட்பெயர். முல்லைப்பாட்டில் ‘குறுநீர்க் கன்னல்’ வருகிறது, நேரம் அளக்கும் நீர்க்கலம். அதில் நீர் அளவாகத்தான் போகும். வாட்ச்சிலும் சுருள்வில்லின் விசையை மொத்தமாக ஓடவிடாமல் கொஞ்சங் கொஞ்சமாக விடுவதுதானே வேலை? ஆகவே ‘கன்னல்’. வேர் ‘கல்’, தோண்டுதல், என்பது என் ஊகம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ரோஸ் ஹில் ஆசிரியை:
ஐயா, கன்னல் என்றால் கரும்பும்தான். இந்தத் தீவில் பிள்ளைகள் எதை நினைப்பார்கள்?

கத்ர் போர்ன், வாட்ச் பழுதுபார்ப்பவர்:
எனக்கு இலக்கணம் தெரியாது. கடையில் ‘மெஷின்’ என்போம். ஆனால் முழு வாட்ச்சையும் போலி என்கிறீர்களே, அது சரியில்லை. ஸ்விஸ் நிறுவனம் ஈ.டி.ஏ.வின் 2824 என்ற மெஷின் வடிவமைப்பை ஒட்டிச் சீனாவில் சீகல் நிறுவனம் எஸ்.டி. 2130 என்ற மெஷினைச் செய்கிறது. அதுவும் மணிக்கு 28,800 துடிப்பு, வினாடிக்கு 8. நல்ல மெஷின், சொந்தப் பெயரிலேயே விற்கிறது. அதை வாங்கி அடுத்தவன் பெயர் போட்ட முகப்புக்குக் கீழே வைப்பதுதான் திருட்டு. வினாடி முள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து ஒரிஜினல் என்று நம்பாதீர்கள், இதிலும் அப்படித்தான் போகும். பின்மூடியைத் திறந்து பாருங்கள். சக்கரங்களைத் தாங்கும் தகடுகளின் ஓரத்தைப் பெரிய கம்பெனிகளில் சாய்வாக இழைத்துப் பளபளப்பாக்குவார்கள். போலியில் பெரும்பாலும் அந்த உழைப்பு இருக்காது. பிள்ளைகளுக்கு லென்ஸ் கொடுங்கள்.

மோக்கா ஆசிரியர்:
அப்படியானால் ‘போலி’ என்ற சொல்லே பொருந்தாது! இலக்கணத்தில் ‘போலி’ என்றால் எழுத்து மாறும், பொருள் மாறாது: பந்தல், பந்தர். இங்கே முகப்பில் எழுத்து அப்படியே இருக்கிறது, பொருள்தான் வேறு.

போர்ட் லூயி மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, திங்கட்கிழமை!

டர்பன் அன்பர்:
தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு சொல்: ‘இயங்குபொறி’. வினைத்தொகை. இயங்கிய, இயங்குகின்ற, இயங்கும், மூன்றும் அடங்கும். காலம் காட்டும் கருவிக்குக் காலம் கரந்த பெயர்!

கத்ர் போர்ன், வாட்ச் பழுதுபார்ப்பவர்:
என்னிடம் வருவதெல்லாம் இயங்காத பொறி. சரி, போடுங்கள், படித்தால் புரிகிறது.

போர்ட் லூயி மொழிபெயர்ப்பாளர்:
எனக்கு இன்னும் ‘இயக்கம்’தான். சண்டை போடத் தெம்பில்லை.

ரோஸ் ஹில் ஆசிரியை:
‘இயங்குபொறி’ என்றே அனுப்பிவிட்டேன், பக்கத்தில் ‘மெஷின்’ என்றும் போட்டிருக்கிறேன். அப்புறம், விசையை விட்டுவிட்டுப் பிடிக்கும் உறுப்பு, ‘எஷாப்மான்’, அடுத்த தாளில் வருகிறது. பிள்ளைகளுக்கு அந்தச் சொல் கார் புகைக்குழாய். யோசனை சொல்லுங்கள்.

மோக்கா ஆசிரியர்:
‘கன்னல்’ ஏற்கப்படாததில் எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளவும். எஷாப்மானுக்கு ‘விடு’ என்னும் வேரிலிருந்து தொடங்க வேண்டும். இன்றிரவு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.