கப்பல் "நிபந்தனையுடன்" புறப்படுமாம். இன்னைக்கு ராத்திரி கிளம்பணும், அவசரம்!

புதுக்குடித்தனம்: வணக்கம். டோக்கியோ வந்து ரெண்டு மாசம். இன்னைக்கு ராத்திரி தகேஷிபா துறைமுகத்துல கப்பல் ஏறி தீவுக்குப் போய், கடலோரம் கூடாரம் போட்டு மூணு நாள் தங்குறதா ஏற்பாடு. இப்போ கப்பல் பட்டியல்ல எங்க கப்பலுக்கு நேரே "ஜோகென்-ட்சுகி"ன்னு போட்டிருக்கு. போன்ல மொழிபெயர்த்தா "நிபந்தனையுடன்"னு வருது. என்ன நிபந்தனை? விசாவா? வீட்டம்மா பயந்துட்டாங்க.

நிஷிகசாய் மாமா: முதல்ல சொல்லுங்க, வார்டு ஆபீஸ்ல முகவரி பதிஞ்சாச்சா? குடியேறி 14 நாளுக்குள்ள பதியணும். ஸைர்யூ கார்டு (வெளிநாட்டவருக்குத் தர்ற அடையாள அட்டை) எப்பவும் உடம்போட இருக்கணும், வீட்டுல வச்சிட்டுப் போகாதீங்க. முதல் ஆறு மாசம் எல்லாருக்கும் இந்தக் காகித வேலையிலதான் உயிர் போகும்.

மணல்வீடு: கூடாரத்தோட வர்ற ஒல்லிக் கம்பி முளை மணல்ல நிக்காது. கடல்காத்து ஒரு இழுப்பு இழுத்தா உருவிக்கிட்டு வந்துடும். 30 சென்டிமீட்டருக்கு மேல நீளமுள்ள அகலமான முளை வாங்குங்க. இல்லைன்னா துணிப்பையில மணலை நிரப்பி, கயித்தை அதுல கட்டி முழங்கை ஆழத்துக்குப் புதைச்சு மேல மிதிச்சு விடுங்க. அது அசையாது.

உப்புக்காத்து: யாருங்க மணல் மேல போடச் சொன்னது? அந்தக் கப்பல் போற இசு தீவுகள்ல குறிச்ச முகாம் இடத்துலதான் கூடாரம் போடலாம். மிகுராஜிமாவுல முகாமே கூடாது. இன்னும் தெற்கே இருக்கிற ஒகசவாராத் தீவுகள்லயும் தடை. எந்தத் தீவுன்னே சொல்லாம கேட்டா என்ன பதில் சொல்றது?

ரசமில்லா நாடு: சாப்பாடு யோசிச்சீங்களா? சைவம்னா திண்டாட்டம்தான். காய்கறி சூப்னு போட்டிருக்கும், உள்ள மீன் தூள் இருக்கும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் எடுத்துக்கோங்க, நாலு நாள் கெடாது. பாக்கெட் சாதத்தைக் கொதிக்கிற தண்ணியில கால் மணி நேரம் போட்டா போதும்.

நிஷிகசாய் மாமா: சாப்பாட்டை விடுங்க. வாடகைக்கு வீடு பிடிக்கப் போனா திருப்பித் தராத "நன்றிப் பணம்"னு ஒண்ணு கேக்குறானே, அதுக்கு என்ன சொல்றீங்க?

ரசமில்லா நாடு: அதுக்கு மேல உத்தரவாத கம்பெனிக்குத் தனிப் பணம். சில இடத்துல முத்திரையும் கேப்பாங்க.

கடல்காகம்: வீட்டு வாடகைக்கு வேற இழை போடுங்க சாமி. கேட்டவருக்கு யாரும் பதிலே சொல்லல. புதுக்குடித்தனம், இது விசா இல்லை, அலை. கப்பல் கிளம்பும், ஆனா நீங்க இறங்குற துறைமுகத்துல அலை அதிகமா இருந்தா கரையில ஒட்டாம அடுத்த தீவுக்குப் போயிடும். இசு தீவுகள் டோக்கியோ மாநகரத்தோட பகுதி, குடிவரவு சோதனை எதுவும் கிடையாது. "கெக்கோ"ன்னு போட்டாதான் கப்பலே ரத்து. எந்தத் தீவு, எந்த நாள் திரும்பணும், கூட யார்?

புதுக்குடித்தனம்: அப்பாடா! ஷிகினேஜிமா. பையனுக்கு 4 வயசு (எழுத விட்டுப்போச்சு). திங்கள் காலை எனக்கு வேலை.

கடல்காகம்: அப்போ திங்கள் லீவுக்கு இப்பவே சொல்லி வைங்க. போறதை விடத் திரும்புறதுதான் சிக்கல். அலை அடங்கலைன்னா தீவுலயே மாட்டிக்குவீங்க. ரெண்டு நாள் சாப்பாடு கூடுதலா, ரொக்கம் கொஞ்சம். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கிற கடை அங்க கிடையாது. பணம் எடுக்கத் தபால் நிலையம் உண்டு.

ஷிகினேஜிமாவுல ஒட்டலைன்னா பக்கத்துத் தீவு நீஜிமாவுல இறங்கலாமான்னு கப்பல்லயே கேளுங்க. அங்கிருந்து நிஷிகிங்கிற சின்னப் படகு பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல கொண்டு விடும். ஆனா அலை பெருசா இருந்தா அதுவும் ஓடாது. கிளம்பும் முன்னாடி கவுண்டர்ல பட்டியலைக் காட்டி, இறங்க முடியலைன்னா பணம் எவ்வளவு திரும்பும்னு கேட்டுடுங்க.

முகாம் ஔராவுலயா கமானோஷிதாவுலயா? ஜூலை, ஆகஸ்ட்ல ஔரா. கமானோஷிதா அந்த ரெண்டு மாசமும் கிடையாது. பதிவு பண்ணிட்டீங்கதானே?

புதுக்குடித்தனம்: ஔரா, பதிவு இருக்கு. பையனை வெந்நீர் ஊத்துக்குக் கூட்டிப் போகலாமா?

உப்புக்காத்து: ஜினாதா ஊத்து வேண்டவே வேண்டாம். பாறைப் பிளவுக்குள்ள சுமார் 200 படி இறங்கணும். ஊத்து கிட்டத்தட்ட 80 டிகிரி. கடல் தண்ணி கலந்தாதான் உட்கார முடியும். கடல் மட்டம் ஏறி இறங்குற நேரம் பார்த்து இறங்கலைன்னா கால் வெந்துடும். மட்சுகஷிதா மியாபி-யூ போங்க, கட்டின தொட்டி, கடல் மட்டத்தைப் பார்க்க வேண்டாம். அங்கயும் பையன் கையை விடாம, சூடு தொட்டுப் பார்த்துட்டு இறக்குங்க. நீச்சல் உடை கட்டாயம்.

கடல்ல நீலப் பலூன் மாதிரி மிதக்கிற ஜெல்லி மீன் கரையில செத்துக் கிடந்தாலும் பையன் தொடக் கூடாது. பட்டுட்டா கையால தேய்க்காம, நல்ல தண்ணி ஊத்தாம, கடல் தண்ணியில கழுவிட்டு மருத்துவ நிலையம் போங்க.

மணல்வீடு: பலமா நிலம் அதிர்ந்தா சைரனுக்குக் காத்திருக்காதீங்க. கூடாரத்தை விட்டுட்டு மேட்டுக்கு ஏறுங்க. போன உடனே பகல்லயே வழியைப் பார்த்து வைங்க. கடல் விபத்துக்கு 118, ஆம்புலன்சுக்கு 119.

புதுக்குடித்தனம்: நன்றி. கிளம்புறோம். துண்டு எத்தனை வேணும்?

உப்புக்காத்து: ஆளுக்கு ரெண்டு. வெள்ளை வேண்டாம், அந்தத் தண்ணியில இரும்பு இருக்கு, துருக்கறை ஏறிடும்.