ஆர்.எக்ஸ். 100: புது ரெகுலேட்டர் போட்ட பிறகும் ஹெட்லைட் பல்பு பியூஸ் போகிறது

கேள்வி (கரூர்)

வணக்கம். வண்டி 1991 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100. அப்பா புதிதாக வாங்கியது. ஆறு வருடமாக வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் நின்றதை இந்த வருடம் எடுத்து முழுசாகப் பிரித்து வேலை பார்த்தோம். சேஸுக்குப் பவுடர் கோட்டிங், கடையில் வாங்கிய புது வயரிங் செட், புது பேட்டரி. இன்ஜினில் போர் வேலையும் முடிந்துவிட்டது. மேக்னட், காயில் பிளேட் மட்டும் பழையதே. இரண்டாவது கிக்கில் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்பா வாசலுக்கு வந்து நின்றார்.

சிக்கல் லைட்டில்தான். முதல் நாள் இரவு பைபாஸில் கொஞ்சம் முறுக்கியதும் ஹெட்லைட் பளீரென்று வெள்ளையாக எரிந்து அணைந்தது. பல்பைக் கழற்றினால் கண்ணாடி உள்ளே கறுத்துப் போயிருந்தது. மறுபடி மாற்றினேன், நான்காம் நாள் அதுவும் போனது. மெக்கானிக் பார்த்துவிட்டு, ரெகுலேட்டர் போய்விட்டது, ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டரும் ரெக்டிஃபையரும் சேர்ந்த பெட்டி) மாற்ற வேண்டும் என்றார். மாற்றினோம். அன்று மாலையே மூன்றாவது பல்பும் பின்லைட் பல்பும் சேர்ந்து போயின.

பேட்டரியும் சரியில்லை. வென்ட் ட்யூப் நுனியில் ஆசிட் கசிந்து, ஸ்விங் ஆர்மில் புதுப் பெயிண்ட் மேல் வெள்ளையாக ஒரு தடம் விழுந்திருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட், ஸ்லோவில் 13.2, முறுக்கினால் 15.9 வரை ஏறுகிறது. இன்னொரு ரெகுலேட்டர் வாங்கலாமா, அல்லது காயில் கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (சேலம்)

எனக்கும் இப்படி வந்தது. 35 வாட் பல்பை எடுத்துவிட்டு 60 வாட் போட்டேன், பியூஸ் போவது நின்றுவிட்டது. லோடு கூடினால் வோல்ட் இறங்கிவிடும்.

பதில் (கோவை, ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை 30 வருடத்துக்கு மேல்)

தம்பி, பெரிய பல்பு போடாதீர்கள். சேலத்து நண்பர் சொல்வது போல வோல்ட் இறங்கும், உண்மைதான். ஆனால் அந்த வயரும் சுவிட்சும் அவ்வளவு கரண்டுக்குச் செய்ததல்ல. ஸ்லோவில் வெளிச்சமும் மங்கிவிடும். பேட்டரி கொதிப்பதற்கும் அது மருந்தாகாது. இன்னொரு ரெகுலேட்டரும் இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு சொல்: பவுடர் கோட்டிங்.

இந்த வண்டியின் சார்ஜிங் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றது உங்களுக்கே விளங்கும். மேக்னட் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப காயிலில் ஏ.சி. கரண்ட் வரும். முறுக்க முறுக்க ஏறிக்கொண்டே போகும், அதற்கு எல்லை என்று ஒன்று கிடையாது. அந்த ஏ.சி.யின் ஒரு பாதி பேட்டரிக்கு டி.சி.யாக மாறிப் போகிறது, மறு பாதி நேராக ஹெட்லைட்டுக்கு. அதனால்தான் இன்ஜின் ஓடினால் மட்டும் ஹெட்லைட் எரிகிறது. ரெகுலேட்டர் இந்த ஏற்றத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. அளவுக்கு மேல் வருவதை எர்த்துக்கு, அதாவது பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டி இரும்புக்கு, திருப்பி விடுகிறது, அவ்வளவுதான்.

ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர்தான் கலங்கல். எர்த் என்பது கலங்கலில் வழிகிற தண்ணீர் போகும் வாய்க்கால். வாய்க்காலை அடைத்து வைத்துவிட்டுக் கலங்கலை எத்தனை முறை இடித்துக் கட்டினாலும் கரை உடையத்தான் செய்யும். உங்கள் வண்டியில் உடைகிற கரை பல்பு.

பவுடர் கோட்டிங் என்பது சுட்டெடுத்த பிளாஸ்டிக் மாதிரி, கரண்டை விடவே விடாது. பழைய பெயிண்ட் போல்ட் இறுக்கும்போது கொஞ்சம் உரியும், இது உரியாது. கடையில் கிடைக்கிற யூனிட்களில் சில பாடி வழியாகவே எர்த் எடுக்கும், சில கறுப்பு வயர் வழியாக எடுக்கும். இரண்டையுமே பார்க்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். வண்டியை அணைத்துவிட்டு, மீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸில், மறு முனையை ரெகுலேட்டரின் அலுமினிய பாடியில் வையுங்கள். பாடியில் ஒரு ஓரத்தைச் சுரண்டிவிட்டு வைக்க வேண்டும். பிறகு கப்ளரில் (வயர்களைச் சேர்த்து மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பு) கறுப்பு வயரின் பின்னில் வையுங்கள். இரண்டில் எங்கே பீப் வரவில்லை என்று எழுதுங்கள். அடுத்து, காயிலிலிருந்து வரும் இரண்டு வயரையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஒரு ஓம் சுற்றுவட்டத்தில் அல்லது அதற்கும் கீழே காட்ட வேண்டும். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் என்ன காட்டுகிறதோ அதைக் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சின்ன அளவில் மீட்டர் வயரே கணக்கில் வரும்.

இன்னொன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள். பிளக்கில் பொறி எழுப்பும் சி.டி.ஐ. இக்னிஷனுக்குக் கரண்ட் மேக்னட் பக்கமிருந்தே வருவதால் பேட்டரி இல்லாமலும் ஸ்டார்ட் ஆகும், அதை நம்பிப் பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் டி.சி. பக்கம் அலையடிக்காமல் தாங்கிப் பிடிப்பது பேட்டரிதான். அது இல்லாமல் முறுக்கினால் இண்டிகேட்டர் பல்பெல்லாம் போகும்.

கேட்டவர் (கரூர்)

அண்ணா, ரொம்ப நன்றி. இன்று காலை சீட்டையும் சைடு கவரையும் கழற்றிப் பார்த்தேன். காயில் இரண்டும் ஒரு ஓமுக்குக் கீழேதான் காட்டுகின்றன. பாடியில் பீப் இல்லை. போல்ட் தலையிலும் இல்லை. அந்த போல்ட்டைக் கழற்றியபோது துளையின் உள் விளிம்பு வரை பவுடர் ஏறியிருந்தது, கறுப்பாக மினுமினுவென்று.

கறுப்பு வயரில்தான் எனக்குப் புரியாத ஒன்று. கப்ளரின் பின்பக்கம் வயரில் ஊசி வைத்துக் குத்தினால் பீப் வருகிறது. ஆனால் கப்ளரை மாட்டியபின் ரெகுலேட்டர் பக்கத்துக் கறுப்பில் வைத்தால் வருவதில்லை.

பதில் (கோவை)

அப்படியென்றால் கப்ளருக்குள்ளேதான் விட்டுப் போயிருக்கிறது. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மற்ற மூன்று பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கும், கறுப்பு மட்டும் பின்வாங்கி இருக்கும். புது வயரிங் செட்டில் இது சகஜம். பின்னின் முதுகில் சின்ன நாக்கு ஒன்று இருக்கும், அதுதான் பிளாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டு பிடிப்பது. அது மடங்கிப் போயிருந்தால், ஆண் பின் வந்து இடித்ததும் பின்னால் நழுவிவிடும். வெளியே இருந்து பார்த்தால் கப்ளர் ஒழுங்காக மாட்டியது போலத்தான் தெரியும்.

ஆக, பாடி வழியும் எர்த் இல்லை, வயர் வழியும் இல்லை. பழைய ரெகுலேட்டரும் நல்லதாகவே இருந்திருக்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, வேலையைச் சொல்கிறேன். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றி வையுங்கள். கறுப்பு பின்னை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் வெளியே எடுத்து, நாக்கை நகத்தால் நிமிர்த்தி, 'டிக்' என்று சத்தம் கேட்கும் வரை திரும்பத் தள்ளுங்கள். வயரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில், அதன் காது படுகிற அளவுக்கு மட்டும், உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். புதுப் பெயிண்ட்டைத் தேய்க்க மனசு வராது, தெரியும். அந்த இடம் கவருக்கு உள்ளே மறைந்துவிடும். ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு சுற்றிலும் வாஸ்லின் தடவிவிடுங்கள், துருப் பிடிக்காது.

அதோடு நிறுத்தாமல் அந்த போல்ட்டிலிருந்தே தனியாக ஒரு எர்த் வயர் இழுத்து, ஒரு முனை பேட்டரி மைனஸுக்கும் இன்னொரு முனை இன்ஜின் போல்ட் ஒன்றுக்கும் கொடுங்கள். இன்ஜின் மவுண்டிங் துளைகளிலும் இதே பவுடர்தான் இருக்கும். காயிலின் எர்த் இன்ஜின் பாடியில் இருக்கிறது, இன்ஜின் சேஸோடு ஒட்டாவிட்டால் அங்கேயும் இதே கதைதான். வயர் நுனியில் மாட்டும் லக்கைக் கையால் நசுக்காமல், கிரிம்ப் கருவியால் அழுத்தி ஈயமும் பிடித்துவிடுங்கள்.

வயர் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யமஹாவில் கறுப்பு எர்த், சிவப்பு பேட்டரி பிளஸ். ஆனால் வெளி மார்க்கெட் யூனிட்டில் அவரவர் கையில் கிடைத்த நிறத்தில் வயர் வைத்திருப்பார்கள். ஹெட்லைட் சுவிட்ச் வரை தொடர்ச்சி காட்டுகிற காயில் வயர் எதுவோ அதுதான் லைட்டிங், மற்றது சார்ஜிங். நிறத்தை விட்டுவிட்டு மீட்டரில் பார்த்து மாட்டுங்கள்.

எனக்கு இது பழகிய நோய்தான். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் கையில் வந்த பழைய டிரையம்ப், பி.எஸ்.ஏ. வண்டிகளில் பேட்டரியின் பிளஸ்தான் எர்த். பன்னிரண்டு வோல்ட் வண்டிகளில் ரெகுலேட்டர் வேலையை ஜெனர் டையோடு ஒன்று செய்யும். அதை அலுமினியத் துண்டில் இறுக்கி வைத்திருப்பார்கள், மிச்சக் கரண்ட்டைச் சூடாக்கி வெளியே விட. அந்த இடத்திலும் யாராவது அழகுக்குப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். டையோடு வெந்துபோகும், அல்லது எர்த் கிடைக்காமல் பேட்டரி வெந்துபோகும்.

பதில் (நாகர்கோவில்)

இடையில் ஒரு சந்தேகம். நானும் ஆர்.எக்ஸ். வைத்திருக்கிறேன். ஏ.சி. லைட்டை விட்டுவிட்டு, ஏ.சி. அலையின் இரண்டு பாதியையும் டி.சி.யாக மாற்றும் ஃபுல் வேவ் ரெகுலேட்டர் வாங்கி மாட்டி, எல்.இ.டி. ஹெட்லைட் போட்டால் இந்தத் தொல்லையே இருக்காதல்லவா?

பதில் (கோவை)

செய்யலாம். ஆனால் யூனிட்டை மட்டும் வாங்கி மாட்டினால் போதாது. காயிலின் ஒரு முனையைப் பிளேட்டிலேயே எர்த் செய்து வைத்திருப்பார்கள். ஃபுல் வேவுக்கு அந்த முனையை எர்த்திலிருந்து அறுத்து, தனி வயர் பற்றவைத்து வெளியே கொண்டுவர வேண்டும். அதை விட்டுவிட்டு மாட்டினால் யூனிட் சில நாளில் எரியும். ஏ.சி. லைனிலேயே எல்.இ.டி. போட்டால் கண் கூசுகிற மாதிரி துடித்துத் துடித்து எரியும், இரவில் எதிரில் வருபவருக்கும் தொந்தரவு. தினமும் இரவில் ஓட்டுகிறவருக்கு இந்த மாற்றம் பிரயோஜனம். அப்பா வாங்கிய வண்டியை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர் எர்த்தைச் சரிசெய்தால் போதும் என்பது என் எண்ணம்.

கேட்டவர் (கரூர்)

அண்ணா, முடிந்தது. நீங்கள் சொன்னது அப்படியே. டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது, கறுப்பு பின் நெல்மணி அளவுக்கு உள்ளே போயிருந்தது. நாக்கை நிமிர்த்தித் தள்ளினேன், டிக் என்றது. மவுண்டிங்கைத் தேய்த்தேன். தனி எர்த் வயர் இழுத்து இன்ஜினுக்கும் கொடுத்துவிட்டேன்.

இப்போது அளவு: ஸ்லோவில் 13.0, பாதி முறுக்கில் 14.1, அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் 14.3-ஐத் தாண்டவில்லை. வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.04 வோல்ட்தான். ஒரே குழப்பம், ஹெட்லைட் ஹோல்டரில் ஏ.சி. வைத்துப் பார்த்தால் மீட்டர் 11.2 காட்டுகிறது. பல்பு நன்றாக எரிகிறது. இது குறைவா?

ஆர்வத்தில் பழைய ரெகுலேட்டரையும் ஒரு முறை மாட்டிப் பார்த்தேன். அதிலும் 14.2.

பதில் (கோவை)

குறைவில்லை. ரெகுலேட்டர் அலையின் தலையை வெட்டிவிடுவதால் அது ஒழுங்கான ஏ.சி. கிடையாது. சாதாரண மீட்டர் ஒழுங்கான அலைக்குத்தான் சரியாகச் சொல்லும், இந்த வெட்டுப்பட்ட அலைக்கு ஒன்றிரண்டு வோல்ட் தப்பாகக் காட்டும். முறுக்கும்போது அந்த எண் ஏறாமல் நின்றால் போதும்.

பழைய யூனிட்டையே மாட்டிக்கொள்ளுங்கள், புதியதைத் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். பேட்டரி கொதித்திருக்கிறது, தட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் ஊற்றக் கூடாது. ஸ்விங் ஆர்மில் அந்த வெள்ளைத் தடத்தைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் இன்றே கழுவிவிடுங்கள், நாள் போனால் பெயிண்ட்டுக்கு அடியில் இறங்கிவிடும்.

கேட்டவர் (கரூர்)

கழுவிவிட்டேன் அண்ணா. பேட்டரியில் இரண்டு அறையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தது, ஊற்றிவிட்டேன். நேற்று இரவு அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் குளித்தலை வரை போய் வந்தோம். அதே பல்பு இன்னும் எரிகிறது.